போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. விழுந்து முளைத்த முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. இரண்டு வயதில் ஒரு பையன். மாமியாருக்கு முதுகும் கழுத்தும் பிடித்துக்கொண்டு குனியவே முடியவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை வரும். அதைக் குடிக்கப் பிடித்து வைத்துக்கொண்டு, சமையலுக்கு போர் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் பத்தாத நாளில் போர் தண்ணீரையே நன்றாகக் காய்ச்சிக் கொடுக்கிறேன். அன்றாடம் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: காய்ச்சுவதில் இருந்தே தொடங்குகிறேன். என்னிடம் வரும் பத்துத் தாய்மார்களில் ஏழெட்டுப் பேர் இதே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். வயிற்றுப்போக்குக்கும் டைபாய்டுக்கும் அது நல்ல காவல். ஃப்ளோரைடோ உப்பைப் போலக் கரைந்து கிடப்பது; அளவுக்கு மிஞ்சினால் பல்லில் கோடு விழும், எலும்பும் மூட்டும் இறுகும். ஆவியோடு போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரை முக்கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், கையில் மிஞ்சுவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள தண்ணீர். இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை.

ஆனால் உங்கள் வீட்டில் பெரிய ஓட்டை அடுப்படியில் இருக்கிறது. களி கிண்டும்போது உலையில் வைத்த தண்ணீர் எங்கே போகிறது? கொஞ்சம் ஆவியாகிறது, மற்றதெல்லாம் மாவுக்குள் போகிறது. ஃப்ளோரைடு முழுதும் உருண்டையில்தான். கூழ், பருப்பு, ரசம், டீ எல்லாமே அப்படித்தான். ஒகேனக்கல் தண்ணீரை டம்ளரில் குடித்துவிட்டு போர் தண்ணீரைத் தட்டில் சாப்பிட்டால் பாதிப் பாதுகாப்புதான்.

ஐந்து பேருள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று குடம் போதும். மூன்று நாளைக்கு ஆறிலிருந்து ஒன்பது குடம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர் இருந்துவிட்டுப் போகட்டும். ஃப்ளோரைடு தோல் வழியாக ஏறுவதில்லை. ஒகேனக்கல் குடங்களுக்கு ஒரே நிறம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகூட மாற்றி மொள்ளாது. சேமித்த தண்ணீரை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை குடத்தையும் அண்டாவையும் உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போகாது.

நம் பக்கத்தில் தண்ணீரை ‘உப்புத் தண்ணி’, ‘நல்ல தண்ணி’ என்று நாக்கால் பிரிக்கிறோம். இந்த விஷயத்தில் நாக்கு ஏமாறும். ஃப்ளோரைடுக்குச் சுவை, நிறம், மணம் எதுவும் இல்லை. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிய நீர், பாறையிலுள்ள தாதுக்களிலிருந்து அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. பருப்பு நன்றாக வேகும் ‘நல்ல தண்ணி’யிலும் அது மிகுந்திருக்கலாம், ஏனென்றால் சுண்ணாம்புச் சத்து குறைந்த நீரில்தான் ஃப்ளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். வாட்டர் ஃபில்டர் விற்பவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டினாலும் நம்ப வேண்டாம். அந்தக் கருவி மொத்த உப்பைத்தான் சொல்லும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து ஃப்ளோரைடு அளவை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒகேனக்கல் திட்டமே 2013இல் இந்தத் தொல்லைக்காகத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களுக்கும் வந்தது. ஆனாலும் மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரும் கலக்கிறதா என்று தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கலந்தால் குழாய்த் தண்ணீரையும் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

கேண்டில் ஃபில்டரும் யூவி ஃபில்டரும் ஃப்ளோரைடை எடுக்காது, ஆர்ஓ எடுக்கும். தேத்தாங்கொட்டை கலங்கலைத்தான் தெளிய வைக்கும். படிகாரத்தை உத்தேசமாகப் போட்டுக் கலக்க வேண்டாம். அளவு தப்பினால் அலுமினியம் தண்ணீரிலேயே தங்கிவிடும். கையில் காசில்லாமல் கிடைப்பது மழைத் தண்ணீர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். அதில் ஃப்ளோரைடு இல்லையென்றே சொல்லலாம். குடிப்பதற்கு முன் அதைக் காய்ச்சுங்கள், அங்கே காய்ச்சுவது பொருத்தம்.

மகளின் பல்லுக்கு வருவோம். அந்தக் கோடு பல்லின் மேல் படிந்த கறையாக இருந்தால் தேய்த்தால் போகும். ஃப்ளோரைடு கோடு, ஈறுக்குள் பல் உருவானபோதே எனாமலோடு சேர்ந்து உண்டானது. இரண்டு பக்கத்துப் பற்களிலும் ஒரே மாதிரி குறுக்காக ஓடும். செங்கல் பொடி, கரி, உப்பு என்று தேய்த்தால் கோடு இருக்கும், எனாமல்தான் தேயும். வளர்ந்த பிறகு பல் மருத்துவர் மேற்பூச்சு போட்டு மறைக்கலாம். அவசரமில்லை, பள்ளியில் கேலி செய்தால் முன்னதாகவும் செய்யலாம்.

உண்மையான அவசரம் பையனுக்கு. வெளியே தெரியும் நிலைப்பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயது வரை உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது. அவனுக்குக் கரைக்கும் கூழ், பிசையும் சோறு, பாலில் சேர்க்கும் தண்ணீர் எதிலும் இன்றிலிருந்து போர் தண்ணீர் வேண்டாம். பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். துப்பத் தெரியாத வயசு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

சாப்பாட்டில் நமக்கு ஏற்கெனவே நல்ல கை இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அதோடு பால், தயிர், எள், முருங்கைக்கீரை, நெல்லி, கொய்யா. கால்சியம் குறைந்த உடம்பில் ஃப்ளோரைடின் பாதிப்பு அதிகம். புளி சாப்பிட்ட சிறுவர்களிடம் சிறுநீர் வழியாக ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள், அதனால் புளிக்குழம்பைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்; குழம்பு வைக்கும் தண்ணீரைத்தான் மாற்றச் சொல்கிறேன். குறைக்க வேண்டியவை கருப்பு உப்பு, பாக்கு, பாலில்லாத கடும் டீ. இவற்றில் ஃப்ளோரைடு நிறைய.

மாமியாரை மூன்று காரியம் செய்யச் சொல்லிப் பாருங்கள்: முழங்காலை மடக்காமல் தரையில் கிடக்கும் காசை எடுப்பது, மோவாயை நெஞ்சில் தொடுவது, கைகளை விரித்து மடக்கிப் பிடரியைத் தொடுவது. முடியாவிட்டால் ஃப்ளோரைடு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், மூட்டுத் தேய்மானத்திலும் இப்படி ஆகும். அரசு மருத்துவமனைக்குப் போகும்போது எத்தனை வருஷமாக எந்தப் போர் தண்ணீரைக் குடித்தார், அது எவ்வளவு ஆழம் என்பதையும் சொல்லுங்கள். மூட்டுவலி என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்பி வரவேண்டியிருக்கும். முன்கை எக்ஸ்ரே ஒன்று எடுக்கலாமா என்று கேளுங்கள். அங்கே இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள சவ்வு இறுகியிருந்தால் படத்தில் தெரியும்.