தேர்வு நாள் வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. தேர்வு நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, வாந்தி. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார் டாக்டர். தியானம் செய்யச் சொன்னால், கண்ணை மூடி உட்காரவே மாட்டேன் என்கிறாள். யோகா பலன் தருமா?

பதில்: அவள் நடிக்கவில்லை, அதை முதலில் நம்புங்கள். பயம் வந்தால் வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறையும், செரிமானம் தடுமாறும். வலி நிஜமாகவே வலிக்கும்.

கண்ணை மூடச் சொல்வதை விட்டுவிடுங்கள். பயந்த பிள்ளை கண்ணை மூடினால் பயம்தான் பெரிதாகத் தெரியும். என் யோகா வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விருட்சாசனம்தான் முதலில். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். விழாமல் நிற்பதிலேயே கவனமெல்லாம் போய்விடும். தள்ளாடினால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். யோகா வகுப்பென்றால் எல்லாரும் உம்மென்று இருக்க வேண்டுமா என்ன?

அப்புறம் பிராமரி என்ற மூச்சுப் பயிற்சி. மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டை மூடியபடி 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்தோடு மெதுவாக விட வேண்டும். ஐந்தாறு முறை போதும். வழக்கமாக இதைக் காதைப் பொத்திக்கொண்டு செய்வார்கள்; அவளுக்குப் பிடிக்கவில்லையென்றால் பொத்த வேண்டாம். மூச்சை நீளமாக வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு நிதானப்படும். மூச்சை அடக்கி நிறுத்துவது, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி இரண்டும் இந்த வயதில் வேண்டாம்.

தேர்வன்று காலையில் புதிதாக ஆரம்பித்தால் பலிக்காது. சாதாரண நாட்களில், படுக்கப் போகும் முன், நீங்களும் கூடவே உட்கார்ந்து செய்யுங்கள். பழகிப் போனால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும். 'இதைச் செய்தால் மார்க் வரும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் அதற்கும் சேர்த்துப் பயப்படுவாள்.

இன்னொன்று: மார்க் குறைந்தால் வீட்டில் என்ன பேச்சு வருகிறது? வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா? அங்கே பிரச்சினை இருந்தால் ஆசனம் எதுவும் தீர்க்காது. தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பள்ளிக்கே போக மறுத்தால் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: வகுப்பில் சேட்டை செய்தால் என் மகனை 20 சூரிய நமஸ்காரம் செய்ய வைக்கிறார்கள். தண்டனையானாலும் உடம்புக்கு நல்லதுதானே?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. தண்டனையாகப் பழகியதை எந்தப் பிள்ளை விரும்பிச் செய்யும்? சாப்பிட்ட கையோடு செய்ய வைத்தால் குமட்டலும் வரும். ஆசிரியரை நேரில் பார்த்து, நிறுத்தச் சொல்லுங்கள். ஓடியாட இடைவேளை விடுகிறார்களா என்பதையும் அப்படியே கேட்டுவிட்டு வாருங்கள்.