செம்பரம்பாக்கம் முதல் முகத்துவாரம் வரை: புயல்காலக் கேள்வி பதில்

கேள்வி (குன்றத்தூர் வாசகர்): ஐயா, புயல் வருவது நாலு நாள் முன்பே தெரிந்துவிடுகிறதே, செம்பரம்பாக்கம் ஏரியை அப்போதே காலி செய்தால் என்ன?

பதில்: கணக்கைப் பாருங்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நொடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்துவிட்டாலும் குறைவது 86 மில்லியன் கன அடிதான். புதிய நீர்வரத்தே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், நாலு நாளில் கால்வாசியைக் காலி செய்ய நொடிக்கு 2,600 கன அடிக்கு மேல் விட வேண்டும். உபரிநீர் போய்ச் சேரும் அடையாறு அதைத் தாங்கும். ஆனால் புயல் திசைமாறிப் போய்விட்டால், டிசம்பருக்குப் பின் நம்பிக்கையான மழை இல்லாத சென்னை நகரம் கோடையில் குடிநீருக்கு எங்கே போகும்? 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்துவிட முடியாது. மறுபுறம், நிரம்பும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் 1 இரவு, நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி வெளியேறியபோது கண்டோம். அதனால்தான் 2020இல் நிவர் புயலின்போது, முழு ஆழமான 24 அடியை எட்டும் முன்பே, 22 அடியில் மதகைத் திறந்தார்கள். அந்த 22 அடியும் எல்லா மாதத்துக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. மழை இன்னும் இரண்டு மாதம் மீதமிருக்கும் அக்டோபரில் தாழ்வாகவும், பருவம் முடியும் டிசம்பர் இறுதியில் முழுமையாகவும் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

கேள்வி (முடிச்சூர்): எங்கள் தெரு மூழ்கியதும் செம்பரம்பாக்கத்தால்தானே?

பதில்: இல்லை. அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலை அருகே, உங்களுக்குக் கீழே இருக்கிறது. உங்களிடம் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் கலங்கல் (நிரம்பியதும் உபரிநீர் வெளியேறும் தாழ்சுவர்) வழிந்து வரும் நீர். அவற்றுக்கிடையே இருந்த போக்குக் கால்வாய்கள் குறுகியதால், ஒரு ஏரி வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகாமல் வீட்டுக்குள் போகிறது.

கேள்வி (பட்டினப்பாக்கம்): அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தைத் தூர்வாரினாலே போதாதா?

பதில்: தேவைதான், ஆனால் போதாது. கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணலை, கோடையில் மெலிந்துபோகும் ஆற்றால் தள்ள முடிவதில்லை. அதனால் திட்டு வளர்கிறது. பருவமழைக்கு முன் அதை வெட்டி, வாரிய மணலை அருகிலேயே குவிக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். (கரையிலேயே குவித்துவிட்டு மறு ஆண்டு அதையே வாருவதைப் பார்த்துச் சலித்திருக்கிறேன்.) ஆனால் புயல்காற்று கடலைக் கரைநோக்கித் தள்ளும்போது, ஓதமும் (கடலின் ஏற்றமும்) சேர்ந்துவிட்டால், முகத்துவாரம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஆறு வடியாது. கடல் இறங்கும்வரை அந்தச் சில மணிநேரம் நீரை மேலேயே தேக்கிவைக்க ஏரிகளிலும் சதுப்பிலும் இடம் இருந்தாக வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன். 2022இல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது பறவைகளுக்காக மட்டுமன்று.

கேள்வி (திருவான்மியூர்): இவ்வளவு வெள்ளம் வந்தும் எங்கள் ஆழ்துளைக் கிணறு உப்புக் கரிக்கிறதே?

பதில்: கடலோர மணலில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு அந்த 40 அடியும் ஏறும். ஆழத்தை மேலும் கூட்டாதீர்கள். கூரைநீரை ஆழமற்ற திறந்த கிணற்றில் இறக்கி, அதிலிருந்தே கொஞ்சங்கொஞ்சமாக இறையுங்கள்.