குளத்து மீன் குறைகிறதா? பொறி வைக்கும் முன் கரையைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்து வெருலம் ஊர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் மனை எம்ட்லோட்டி ஆற்றை நோக்கிச் சரிகிறது. பின்புறக் குளத்தில் வளர்க்கும் கோய் என்ற அலங்கார மீன்கள் இரவில் காணாமல் போகின்றன. கரையில் நண்டு ஓட்டுத் துணுக்குகள் நிறைந்த எச்சம் கிடக்கிறது. 'நீர்நாய்தான், பொறி வையுங்கள்' என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறாள் மகள். என்ன செய்யட்டும்?"

மகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. நீர்நாய் இந்நாட்டில் சட்டம் பாதுகாக்கும் விலங்கு. அனுமதியின்றிப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஒன்றைப் பிடித்தாலும் காலியான ஆற்றுப் பகுதிக்கு இன்னொன்று வந்துவிடும். குளம் திறந்திருக்கும்வரை மீனும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

வந்தது நீர்நாய்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். நண்டு தின்னும் சதுப்புக் கீரியும் அதே கரைகளில்தான் திரிகிறது. அதன் எச்சத்திலும் ஓடு இருக்கும். ஈரமண்ணில் பதிந்த தடத்தைப் பாருங்கள். கீரியின் தடம் சிறியது, விரல் நுனிகளில் நகக்குறி தெரியும். உங்கள் பகுதியில் பெரும்பாலும் காணக்கூடிய நகமற்ற நீர்நாயின் தடம் பெரியது. ஐந்து விரல்களும் விரிந்து பதியும், நகக்குறி இருக்காது. அதன் முன்னங்காலில் சவ்வும் இல்லை, நகமும் இல்லை. கலங்கிய நீரிலும் கல்லுக்கடியில் விரல்விட்டுத் துழாவியே நண்டைப் பிடித்துவிடும். எச்சம் ஏறக்குறைய கட்டைவிரல் பருமன் இருந்து, ஒரே இடத்தில் பழையதும் புதியதுமாகச் சேர்ந்து கிடந்தால் சந்தேகம் பெரிதும் தீர்ந்தது. விடியற்காலையில் மட்டும் மீன் குறைகிறது, மண்ணில் தடமே இல்லை என்றால் கொக்கையோ நாரையையோ சந்தேகியுங்கள்.

1970களில் நேட்டால் ஆறுகளில் எச்சங்களைப் பிரித்துப் பார்த்த ரோ-ரோ என்ற ஆய்வாளர், இந்த நீர்நாயின் முதன்மை இரை நண்டுதான் என்று காட்டினார். ஆழமில்லாத குளத்தில் அடைபட்ட கொழுத்த மீன் எளிதில் கிடைப்பதால்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது.

குளத்துக்குக் கெட்டியான கம்பி வலைச் சட்டம் செய்து இரவில் மூடுங்கள். நைலான் வலை வேண்டாம். அதில் சிக்கினால் நீர்நாய் மூழ்கிச் செத்துவிடும். சுற்றுவேலி போடுவதானால் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, மேல்விளிம்பை வெளிப்பக்கமாக வளைத்துவிடுங்கள். நாயிருந்தால் இரவில் உள்ளே வையுங்கள்.

இனி, பல்கலைக்கழகம். இந்த விலங்கைக் கண்ணால் காண்பது அரிது. ஆய்வுகள் பெரிதும் எச்சத்தையும் தானியங்கிக் கேமராவையும் நம்பியே நடக்கின்றன. கேப் டவுன் பல்கலைக்கழகத்தினர் கேப் தீபகற்பத்தின் நகர்ப்புற ஆறுகளில் ஆய்வு செய்தபோது, கான்கிரீட் கால்வாயாகிவிட்ட, மாசடைந்த ஓடைகளையும் நீர்நாய்கள் பயன்படுத்துவது தெரிந்தது. ஆகவே நீர்நாய் வருகிறது என்பதால் எம்ட்லோட்டி சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

எச்சத்தின் அருகில் ஓர் அளவுகோலையோ ஒரு ராண்ட் நாணயத்தையோ வைத்துப் படமெடுங்கள். தேதி, நேரம், இடம் குறித்து, உயிரினங்களைக் கண்டதைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள். இடத்தை மறைத்துக் காட்டும் வசதி அதில் உண்டு. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள், வேட்டைநாய் வைத்திருப்பவரும் அதில் இருக்கலாம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் உயிர் அறிவியல் துறை வெஸ்ட்வில்லிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இயங்குகிறது. படங்களோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எச்சத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்.

இப்படிப் பதிவு செய்வதை ஏன் வற்புறுத்துகிறேன்? 2021 ஜூலையில் டர்பன் நகரின் வடக்கேயுள்ள கார்னுபியாவில் வேளாண் ரசாயனக் கிடங்கு எரிந்து, நஞ்சு ஒஹ்லாங்கா ஆற்றில் கலந்தது. மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அத்தகைய நாளில் 'இங்கே முன்பு என்ன இருந்தது?' என்ற கேள்வி எழும். தேதியோடு யாராவது எழுதி வைத்திருந்தால்தான் பதில் கிடைக்கும்.

மகளுக்கு ஆர்வம் இருந்தால் மினிசாஸ் முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த மாகாணத்திலேயே உருவான எளிய ஆற்றுச் சோதனை அது. கல்லைப் புரட்டி, வலையால் அள்ளி, 13 வகைச் சிற்றுயிர்களில் எவை இருக்கின்றன என்று பார்த்து ஆற்றுக்கு மதிப்பெண் போடலாம். நண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. மழை வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிந்த பிறகு, பெரியவர் ஒருவர் உடன் நிற்க, மகள் சோதனையைச் செய்யட்டும்.