அறிவியல் ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி கைகொடுக்கும்?

கேள்வி: வேதியியலில் முதுகலையும் ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் முடித்திருக்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் முழுவதையும் நானே எடுக்க வேண்டும். இயற்பியலும் உயிரியலும் பள்ளியோடு விட்டவை. பள்ளியில் முறையான ஆய்வகம் கிடையாது. இணையத்தில் தேடினால் காணொளி, செயல்பாடு, இலவசப் படிப்பு என்று வந்து கொட்டுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. ஏதாவது சான்றிதழ் படிப்பில் சேரலாமா?

பதில்: சான்றிதழ் படிப்பை ஒரு பருவம் தள்ளி வையுங்கள். உங்களுக்கு எது போதவில்லை என்று தெரிவதற்கு முன்பே சேர்ந்தால், ஆசிரியர் பயிற்சியில் கேட்டதையே புதிய பெயர்களில் திரும்பக் கேட்டுவிட்டு வருவீர்கள்.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆசிரியருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும், வகுப்பை நடத்தவும் தெரிந்திருக்க வேண்டும். இவை போக மூன்றாவதாக ஓர் அறிவும் வேண்டும் என்றார். இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள், எந்தச் சோதனை புரிய வைக்கும், எந்த எடுத்துக்காட்டு இன்னும் குழப்பிவிடும் என்கிற அறிவு அது. பட்டப்படிப்பு இதைத் தருவதில்லை. பொதுவான கற்பித்தல் பயிற்சியும் தருவதில்லை. பயிற்சியானாலும் பாடப் பொருளானாலும், இந்த மூன்றாவது அறிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

உங்கள் பாடத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது. ‘ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்தை நீர் நிரப்பியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு இதுவே சான்று’ என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். பாடநூல்களிலும் பார்க்கலாம்.

நீங்களே ஒருமுறை செய்து, எப்போது ஏறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால் சுடர் எரியும் நேரம் முழுக்க நீர் சீராக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நடப்பது வேறு. டம்ளரைக் கவிழ்த்தவுடன் விளிம்பில் சில குமிழிகள் வெளியேறலாம்; சூடான காற்று விரிந்து வெளியே போகிறது. சுடர் மங்கி அணையும்போதுதான் நீர் சட்டென்று மேலே இழுக்கப்படுகிறது. உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் இதற்கு முதன்மைக் காரணம். அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் அளவு மாறவில்லை. ஆனால் நீர் இன்னும் உயரமாக ஏறும்.

வேதியியல் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. மெழுகு எரியும்போது மூன்று ஆக்சிஜன் மூலக்கூறு செலவானால் ஏறத்தாழ இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு வந்துவிடுகிறது; நீராவி குளிர்ந்து நீராகிவிடும். ஆகவே ஆக்சிஜன் மொத்தமும் தீர்ந்தால்கூட வாயுவின் அளவு சுமார் 7 விழுக்காடுதான் குறைய முடியும். மொத்தமும் தீர்வதும் இல்லை. மூடிய இடத்தில் ஆக்சிஜன் சுமார் 16 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

இந்தக் கணக்கு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் இந்தச் சோதனையை இப்படிச் சந்தேகப்பட யாரும் உங்களைப் பழக்கியிருக்க மாட்டார்கள். நல்ல பயிற்சி என்று நான் சொல்வது இந்தப் பழக்கத்தைத் தருவதைத்தான். ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் அதற்குச் சரியான சோதனை ஒன்று இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் நனைத்து உதறி, சோதனைக் குழாயின் அடியில் அடைத்து, குழாயை நீரில் தலைகீழாக நிறுத்துங்கள். துரு ஏற ஏற நீர் மெல்ல உயர்ந்து, ஓரிரு நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் நின்றுவிடும். இங்கே வெப்பமும் இல்லை, புதிதாக உண்டாகும் வாயுவும் இல்லை. எவர்சில்வர் நார் துருப்பிடிக்காது, பார்த்து வாங்குங்கள்.

மெழுகுவர்த்தியைத் தூக்கி எறியவும் வேண்டாம். ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் என்ற இரண்டு ஆஸ்திரேலியக் கல்வியாளர்கள் 1992-ல் பரவலாக்கிய ஒரு முறை உண்டு: முதலில் கணிக்கச் சொல், பிறகு பார்க்கவிடு, அதன்பின் விளக்கச் சொல். ‘மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் நீர் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?’ என்று கேட்டு, விடையையும் காரணத்தையும் நோட்டில் எழுத வைத்த பிறகே தீக்குச்சியை எடுங்கள். வாயால் சொல்ல விட்டால் முதல் வரிசைப் பிள்ளை சொன்னதையே வகுப்பு முழுக்கச் சொல்லும். எழுதினால்தான் அவரவர் நினைப்பு வெளியே வரும்.

இயற்பியலுக்கு வருவோம். ஒரு மின்கலம், ஒரு டார்ச் பல்ப், ஒரே ஒரு வயர். பல்ப் எரிய வேண்டும். எளிதாகத் தெரிந்தாலும் பட்டம் வாங்கியவர்களே தடுமாறும் சோதனை இது. பல்பின் அடி நுனியை மட்டும் தொட்டால் போதும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நுனியும் பக்கவாட்டு உலோகமும் இரண்டு தனித்தனி முனைகள் என்பது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் உறைக்கும். அடுத்த சிக்கல், மின்னோட்டத்தைப் பல்ப் தின்றுவிடுகிறது என்ற எண்ணம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மட்டின் குழு பல பத்தாண்டுகள் பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி நடத்தியது. அங்கே விரிவுரை கிடையாது. ஆசிரியர்கள் மின்கலத்தையும் பல்பையும் வைத்துக்கொண்டு மாணவர்களைப் போலவே முதலிலிருந்து கட்டிக் கட்டிக் கற்றார்கள். பயிற்சி நல்லதா என்று எடை போட எனக்கு இன்றும் அதுதான் அளவுகோல்.

மின்சுற்றுக்குத் துணையாக ‘ஃபெட்’ பாவனைகள் உண்டு; சோதனையைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள்கள் இவை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது, பதிவிறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம். திரையில் ஓடுவதெல்லாம் அறிவியலா என்று மூத்த ஆசிரியர்கள் முகம் சுளிப்பதுண்டு. 2005-ல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வில், மின்சுற்றைப் பாவனையில் கற்ற கல்லூரி மாணவர்கள் நிஜக் கருவிகளோடு கற்றவர்களைவிடக் கருத்துக் கேள்விகளிலும், நிஜமான சுற்றைக் கட்டுவதிலுமே மேலாகச் செய்தார்கள். பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டம் ஒரே அளவாகப் போவதைக் கண்ணால் பார்க்க முடிகிறதல்லவா? நிஜக் கம்பியில் அது தெரியாது. இருந்தாலும் ஆறாம் வகுப்பில் முதலில் கையில் மின்கலத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் திரைக்குப் போங்கள் என்பேன். பாவனையில் காட்டுவதைப் பார்த்து, எலக்ட்ரான் என்பது நிஜமாகவே நீல நிற உருண்டை என்று நம்பிக்கொண்டு போகிற பிள்ளைகளும் உண்டு.

உயிரியலில் நுண்ணோக்கி இல்லாத குறையை ஃபோல்ட்ஸ்கோப் ஓரளவு தீர்க்கும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கி 2014-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட, காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி இது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். வெங்காயத் தோலின் செல் நன்றாகவே தெரியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கறுப்பான தடித்த விளிம்போடு வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழி. சொல்லாவிட்டால் பாதி நோட்டுகளில் அதுதான் செல் என்று வரையப்பட்டிருக்கும்.

உங்கள் சொந்தப் பாட அறிவைத் தேற்றிக்கொள்ள நீங்கள் எடுக்கும் வகுப்பைவிட இரண்டு மூன்று வகுப்பு மேலே உள்ள பாடநூலே போதும். அதற்கும் மேலே வேண்டுமென்றால் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசப் பாடநூல்களில் இயற்பியலும் உயிரியலும் தரமானவை.

பிள்ளைகளின் தவறான முன்கருத்துகளுக்கு அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் ‘புராஜெக்ட் 2061’ திட்டத்தின் வினாத் தொகுப்பைப் பாருங்கள். ஹாலி வால்நட்சத்திரம் வந்துகொண்டிருந்த 1985-ல் தொடங்கியதால், அது மறுபடி வரும் ஆண்டையே பெயராக வைத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை விழுக்காடு மாணவர்கள் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தார்கள் என்றும் போட்டிருக்கும். பாடம் தொடங்கும் முன் அதிலிருந்து நான்கு கேள்விகளை மொழிபெயர்த்துக் கொடுத்தாலே வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணற்ற செயல்பாட்டுத் தளங்களைவிட இந்த ஒரு தொகுப்பு எனக்குப் பெரிது.

இனி பயிற்சி. பதவி உயர்வுக்கோ ஊதியத்துக்கோ பட்டம் தேவையென்றால் அதற்காகவே சேருங்கள், அதில் தப்பில்லை. வகுப்பறை மாறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மற்றபடி பயிற்சி நடத்துபவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தப் பாடத் தலைப்பு? சோதனைகளை நாங்கள் கையால் செய்வோமா, பார்க்க மட்டுமா? வகுப்பில் செய்து பார்த்துவிட்டு மறுபடி கூடும் நாள் உண்டா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் நான் தயங்குவேன். ஒருநாள் பட்டறையின் உற்சாகம் முதல் தோல்வியோடு வடிந்துவிடும். பட்டறையில் பட்டென்று வேலை செய்த நிலைமின் சோதனை ஈரப்பதம் மிகுந்த நாளில் வகுப்பில் ஒன்றுமே காட்டாது. ஏன் என்று கேட்க அப்போது ஓர் ஆள் வேண்டும்.

உலக அளவில் பேசப்படுபவற்றில், ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்ன் 1998 முதல் நடத்தும் ஆசிரியர் பயிற்சி மேல்நிலை இயற்பியல் ஆசிரியர்களுக்கானது, உங்களுக்கு அவசரமில்லை. 1995-ல் செயல்படத் தொடங்கிய ‘குளோப்’ திட்டம் உங்கள் வகுப்புகளுக்குப் பொருந்தும். மாணவர்கள் மேகம், மழையளவு, மண் வெப்பநிலை ஆகியவற்றை முறையாக அளந்து உலகளாவிய தரவுத்தளத்தில் ஏற்றுவார்கள். அளவிடும் முறைக்கான ஆசிரியர் பயிற்சி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வகமே தேவைப்படாத அறிவியல் இது.

இவை எல்லாவற்றையும்விட அருகில் இருப்பது பக்கத்து வகுப்பு ஆசிரியர். ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாகப் ‘பாட ஆய்வு’ என்ற வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. ஒரு குழுவின் அருகிலேயே பாடம் முடியும்வரை நின்று, அவர்கள் பேசிக்கொள்வதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். ‘நல்லா நடத்தினீங்க’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கணித ஆசிரியர் வந்து நின்றாலும் போதும். அறிவியல் தெரியாதவர் காதில் பிள்ளைகளின் குழப்பம் இன்னும் தெளிவாக விழும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆய்வகம் இல்லை என்றதால் சொல்கிறேன். காணொளியில் கவர்ச்சியாக இருப்பவைதான் ஆபத்தானவை. மெத்தனால் ஊற்றி வண்ணச் சுடர் காட்டும் சோதனையில் மாணவர்கள் கடுமையாகத் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். அதைத் திறந்த மேசையில் செய்ய வேண்டாமென்று அமெரிக்க வேதியியல் கழகமே எச்சரித்திருக்கிறது. அம்மோனியம் டைகுரோமேட் எரிமலையும் வேண்டாம். பறக்கும் தூளில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் சேர்மம் மிஞ்சியிருக்கும். வீட்டுப் பொருள் என்றாலே பயமில்லை என்பதும் தவறு: ப்ளீச்சில் அமிலம் கலந்தால் குளோரின் வரும். உங்கள் மூன்று வகுப்புகளுக்கு வினிகர், சமையல் சோடா, காந்தம், ஆடி, மின்கலம், விதைகள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பகுதியை நடத்திவிடலாம். எதுவானாலும் அதே பொருள்களை வைத்து முந்தின நாளே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு தலைப்பை எடுங்கள். இயற்பியல்தான் விட்டுப்போனது என்பதால் மின்சுற்றையே சொல்வேன். முன்கருத்துக் கேள்விகள், மின்கலமும் பல்பும், பிறகு பாவனை, ஒரு வகுப்புக்கு மட்டும் பின்னால் நிற்க ஒரு சக ஆசிரியர். பருவம் முடிந்ததும் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டுங்கள். எதை உங்களால் விளக்க முடியவில்லையோ அந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கேற்ற பயிற்சியை அப்போது தேடுங்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்கும்போதும், ‘அறிவியல் பயிற்சிக்குப் போகிறேன்’ என்பதைவிட, ‘ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் மின்னோட்டம் பல்பில் தீர்ந்துபோகிறது என்றே எழுதியிருக்கிறார்கள், அதற்காகப் போகிறேன்’ என்றால் சீக்கிரம் கிடைக்கும்.