உபுண்டு போட்டாச்சு, அப்புறம்?

பழைய லேப்டாப்களில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன் என்று இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் தெரிந்தவர்களிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. ஆறு மாதத்தில் கேள்விகள் குவிந்துவிட்டன. இதோ சில.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அக்கா: அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. பேட்டரியும் செத்த மெஷின். இப்போது எதை இன்ஸ்டால் செய்தாலும் பிழை காட்டுகிறது. முதலிலிருந்து போடணுமா?

வேண்டாம் அக்கா. ஒரு மென்பொருள் தொகுப்பை நிறுவுவதில் இரண்டு கட்டம்: முதலில் பிரித்து வைக்கும், பிறகு அமைத்து முடிக்கும். உங்களுக்கு இடையில் அறுந்திருக்கிறது. எது எந்தக் கட்டத்தில் நின்றது என்று, தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி என்ற நிரல் குறித்து வைத்திருக்கும். கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலில் இப்படி அடியுங்கள்: சூடோ, இடைவெளி, டிபிகேஜி, இடைவெளி, இரண்டு சிறுகோடு, ஒட்டியே கான்ஃபிகர், இடைவெளி, ஒரு சிறுகோடு, ஏ. எல்லாம் சின்ன எழுத்து. விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிஸ்க் பற்றியும் பயம் வேண்டாம். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் இஎக்ஸ்டி4, தன் அமைப்பில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும். அடுத்த பூட்டில் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஆனால் நீங்கள் சேமிக்காமல் விட்ட கடிதத்தை அது காப்பாற்றாது. லோட்ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, முன்பு போல இல்லைதான், இருந்தாலும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள்.

சாட்ஸ்வொர்த் தம்பி: உபுண்டுவை மூடிவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் 2 மணி நேரம் பின்னால் நிற்கிறது.

சரியாக 2 மணி நேரம், கவனித்தாயா? நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 2 மணி முன்னால். போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பும். உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் ஆர்டிசியை 1 என்று வைத்துவிடு; ஆர்டிசி என்பது அந்தப் போர்டு கடிகாரம்தான், இனி லினக்ஸும் அதில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்.

டோங்காட் தமிழ் வகுப்பு ஆசிரியர்: பத்து லேப்டாப். ஒவ்வொன்றும் அப்டேட் இறக்கினால் மாத டேட்டா இரண்டு நாளில் காலி.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி ஐயா. ஒரு மெஷினில், இறக்கிய தொகுப்புகளைச் சேமித்து வைத்துப் பகிரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். மற்ற ஒன்பதிலும், தொகுப்புகளை இறக்கும் ஆப்ட் நிரலின் அமைப்பில் ஒரே வரி: பிராக்ஸி, அதாவது இடையில் நிற்பது, இந்த மெஷின், போர்ட் 3142. ஒருவர் இறக்கிய தொகுப்பை மற்றவர்கள் உள்ளூர் வைஃபையிலேயே எடுத்துக்கொள்வார்கள். பத்திலும் ஒரே பதிப்பு இருந்தால்தான் முழுப் பலன். ஸ்னாப் என்ற வேறு வகைத் தொகுப்புகள் ஆப்ட் வழியாக வராததால் இதில் சேராது; உபுண்டு 22.04 பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்தான், ஆக அதற்குத் தனியாக டேட்டா போகும்.

அதே ஆசிரியர்: உபுண்டு நம் நாட்டுச் சரக்குதானா?

பாதி. தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் வெல்கமில் பிறந்தவர். பெயர் நாம் தினமும் கேட்கும் ஸூலு, கோசா சொல். அடித்தளம் 1993இல் தொடங்கிய டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ். முதல் பதிப்பு 4.10, அதாவது 2004 அக்டோபர். பள்ளிக்கு இரட்டைப்படை ஆண்டு ஏப்ரலில் வரும் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு, மட்டும் போடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு ஃபைல் திறக்கவில்லை. வீடியோவில் சொன்னபடி டிஸ்க்கின் மேல்மட்ட ஃபோல்டரிலிருந்து எல்லா ஃபைலுக்கும் 777 அனுமதி கொடுத்துவிட்டேன். இப்போது சூடோவே வேலை செய்யவில்லை.

ஐயோ. 777 என்றால் யாரும் எதையும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். அதோடு சூடோவுக்கு ரூட், அதாவது நிர்வாகி, அதிகாரம் தரும் செட்யூஐடி குறியும் அழிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஃபைல்களின் பழைய அனுமதிகளைத் தேடித் திருத்துவது வீண்வேலை. உபுண்டு நேரடியாக ஓடும் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்புறம், அந்தத் திறக்காத ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரூட் பெயரில் இருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும், உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளை போதும்.