பென்சோஃபீனோனிலிருந்து கீட்டைல் ரேடிக்கல் உருவாவதை ஃபெம்டோ விநாடி லேசரால் பார்க்க முடியுமா?

ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹாலில் கரைத்த பென்சோஃபீனோன் என்றால், முதல் பாதி மட்டும் தெரியும்; அது ஆல்கஹாலிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக் கீட்டைல் ரேடிக்கலாக மாறும் இரண்டாம் பாதி தெரியாது. லேசரைத் தொடும் முன்பே காலக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஒளியை விழுங்கிய மூலக்கூறு சிங்க்லெட் நிலையிலிருந்து (இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சி எதிரெதிர்) டிரிப்லெட்டுக்கு (ஒரே திசை) போக ஏறத்தாழ 10 பைக்கோ விநாடி ஆகும். 575 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சல் தேய, 525 பக்கம் பட்டை எழும். ஃபெம்டோ கருவிக்கு ஏற்ற காட்சி இதுதான். அடுத்த படி மெதுவானது. டிரிப்லெட் ஆல்கஹாலிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும் வேக மாறிலி மோலாருக்கு, விநாடிக்குச் சுமார் 10 லட்சம். தூய ஐசோபுரொப்பனால் 13 மோலார். இரண்டையும் பெருக்கி, 1ஐ அதனால் வகுத்துப் பார்த்தால் டிரிப்லெட்டின் ஆயுள் பல பத்து நானோ விநாடி என்று வரும். ஒளி 1 நானோ விநாடியில் 30 செ.மீ. போகிறது, போய்த் திரும்புவதால் அளக்கும் துடிப்பைத் தாமதப்படுத்தும் நகரும் கண்ணாடி மேடை (தாமத மேடை) 15 செ.மீ. நகர வேண்டும். 60 செ.மீ. மேடை 4 நானோ விநாடிதான் தரும். ஆகவே ரேடிக்கலுக்கு நானோ விநாடி ஃபிளாஷ் ஃபோட்டாலிசிஸ் கருவிக்குத்தான் (துடிப்பால் கிளர்த்தி, உறிஞ்சல் மாறுவதை மின்னணு முறையில் நேரடியாகப் பதிவது) போக வேண்டும்.

ஃபெம்டோ பகுதிக்கு 266 நானோமீட்டர் பம்ப் (மூலக்கூறைக் கிளர்த்தும் துடிப்பு) போதும். 1 மி.மீ. குவார்ட்ஸ் செல்லில் அந்த அலைநீளத்தில் உறிஞ்சல் 0.5 வரும்படி செறிவை வையுங்கள். அரை மில்லிமோலாருக்கு அருகில் அமையும். 0.2 மைக்ரோஜூல் துடிப்பை 200 மைக்ரான் விட்டத்துக்குக் குவித்தால் நூற்றுக்கு இரண்டு மூலக்கூறு கிளர்ச்சியடையும். டிரிப்லெட் சிக்னல் 5 மில்லி ஓ.டி. (உறிஞ்சல் அளவில் 0.005) அளவில் இருக்கும், அதுவே தாராளம். ப்ரோப் (பின்னால் வந்து உறிஞ்சலை அளக்கும் வெள்ளொளித் துடிப்பு) புள்ளி பம்ப் புள்ளியைவிடச் சிறிதாகவும், இரண்டின் முனைவாக்கத்துக்கு இடையே கோணம் 54.7 பாகையாகவும் இருக்கட்டும். கரைசல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் விளைபொருள் கண்ணாடியில் படிந்து, அதன் உறிஞ்சலை இடைநிலை என்று எண்ணிவிடுவீர்கள்.

சிக்னல் பெரிதாக வேண்டும் என்று பம்பை ஏற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரண்டு ஃபோட்டான் சேர்ந்து ஆல்கஹாலையே அயனியாக்கி, கரைப்பான் சூழ்ந்த எலக்ட்ரானின் அகலமான பட்டையைச் சிவப்புப் பக்கம் கொண்டுவரும். ஆற்றலைப் பாதியாக்கிப் பாருங்கள்: சிக்னலும் பாதியானால் சரி, கால் பங்கானால் அது உங்கள் மூலக்கூறின் கதை அல்ல. வெறும் கரைப்பானையும் அதே அமைப்பில் அளந்தே ஆக வேண்டும். பூச்சிய நேரத்தை ஒட்டி முதல் சில நூறு ஃபெம்டோ விநாடிகளில் வரும் மேடுபள்ளம் கரைப்பானுடையது. வெள்ளொளியில் சிவப்பு முன்னாலும் நீலம் பின்னாலும் வருவதைத் திருத்தவும் அதே அளவீடு உதவும்.

நானோ விநாடி அளவீட்டில் ஆக்சிஜன்தான் எதிரி. காற்று கலந்த கரைசலில் ஆக்சிஜன் மட்டுமே டிரிப்லெட்டைச் சில நூறு நானோ விநாடிக்குள் அணைத்துவிடும், அதாவது ஹைட்ரஜன் பறிப்புடன் போட்டியிடும். 20 நிமிடம் ஆர்கான் குமிழ விடுங்கள். பைக்கோ விநாடி அளவீட்டுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை, அதற்குள் ஆக்சிஜன் வந்து சேராது.

ரேடிக்கலின் பட்டை 545, டிரிப்லெட்டினுடையது 525. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நிறமாலையை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். எளிதில் பறிக்கத்தக்க ஹைட்ரஜன் இல்லாத அசிட்டோநைட்ரைலில் ஒருமுறை, நடுக் கார்பனில் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) உள்ள ஐசோபுரொப்பனாலில் ஒருமுறை ஓட்டுங்கள். முன்னதில் 545 எழாமலும், பின்னதில் மெதுவாக எழவும் வேண்டும்.