புனித நூலில் ஒரு பிழைகூட இருக்கக்கூடாதா?

கேள்வி இது: "புனித நூலில் பிழை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை ஒழுக்கத்துக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ள முடியுமா?"

முடியும். ஒரு வரி பதில் போதும் என்றால் இதோடு போய்விடலாம்.

ஆனால் உங்கள் நிலைமை எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. வெளியூரில் தங்கிப் படிக்கிறீர்கள், அறையில் கூட இருக்கும் ஒருவர் போனில் பைபிள் பிழைகள் என்று ஒரு பட்டியலைக் காட்டியிருக்கிறார். தாவீது ராஜா எடுத்த குடிக்கணக்கு சாமுவேல் புத்தகத்தில் இஸ்ரவேலுக்கு 8 லட்சம், யூதாவுக்கு 5 லட்சம். நாளாகமத்தில் 11 லட்சம், 4,70,000. அந்தக் கணக்கெடுப்பைத் தூண்டியது ஒன்றில் கர்த்தர், இன்னொன்றில் சாத்தான். யூதாஸ் நான்றுகொண்டான் என்கிறது மத்தேயு, தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்ததெல்லாம் வீணா என்று ராத்திரி தூக்கம் போயிருக்கும். இல்லை, நீங்கள் நாத்திகர், எங்களை மடக்கத்தான் கேட்டீர்கள் என்றாலும் என் பதில் அதேதான்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாக்காரன். களியக்காவிளை தாண்டினால் கேரளம். எங்கள் பக்கம் ஒரு கிலோமீட்டருக்குள் நாலு சபை இருக்கும், நாலும் ஒன்றோடொன்று பேசாது. கொஞ்ச காலம் எங்கள் சபையின் சண்டே ஸ்கூலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். ஒரு ஞாயிறு லேவியராகமம், பைபிளில் சட்டதிட்டங்கள் வருகிற புத்தகம். அந்தப் புத்தகத்தை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள், அதனால் என் தலையில் விழுந்தது. 11-ம் அதிகாரத்தில் முயல் அசைபோடும், ஆனால் விரிகுளம்பு இல்லை, அதனால் அசுத்தம் என்று வருகிறது. ஒரு பையன் எழுந்து, "சார், முயல் அசைபோடாதே. ஸ்கூல்ல மிஸ் சொன்னாங்க" என்றான். "ஆமாம், மாடு மாதிரி அசைபோடாது. கொஞ்சம் கீழே பார், வௌவாலையும் பறவைகளோடு சேர்த்துச் சொல்லியிருக்கும். இப்போ 19-ம் அதிகாரத்துக்கு வா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள், பாடம் நடந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

19-ம் அதிகாரத்துக்கு அவர்களைக் கூட்டிப்போக எனக்குக் காரணம் இருந்தது. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று அங்கே 13-ம் வசனத்தில் இருக்கிறது. என் அப்பா வேதத்தை முழுக்கப் படித்தவர் இல்லை, ஆனால் இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டவர். எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. 2011-ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் நின்ற ஷீட், நாலைந்து வருஷத்தில் 100-க்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அந்தச் சமயத்தில் பல தோட்டங்களில் வெட்டுக்கூலியை, மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற கூலியை, ஷீட் விற்ற பிறகு தருகிறேன், விலை ஏறட்டும் தருகிறேன் என்று இழுத்தார்கள். குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் கையில் இல்லை. அப்பா மட்டும் பால் எடுத்து முடிந்த அன்றைக்கே வெட்டுகிறவர் கையில் காசைக் கொடுத்துவிடுவார். இல்லாத நாளில் அம்மாவிடம் வாங்குவார், அம்மா திட்டுவாள். ஏன் இப்படி என்று கேட்டால், "வேதத்துல போட்டிருக்குலா" என்பார், அவ்வளவுதான். முயல் அசைபோடுமா என்று அப்பாவிடம் கேட்டிருந்தால் முயல் வைத்திருக்கிற ஆளிடம் போய்க் கேள் என்றிருப்பார்.

அந்தப் பாடம் யார் வழியாகவோ கமிட்டிக்குப் போய்விட்டது. சண்டே ஸ்கூலில் வேதத்தில் தப்பு இருப்பதாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று. அடுத்த வருஷம் ஆசிரியர் பட்டியல் ஒட்டினபோது என் பெயர் அதில் இல்லை. ஒருவரும் நேரில் சொல்லவில்லை. போதகரிடம் கேட்டால், "நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க பிரதர்" என்றார். ஓய்வெடுக்க அது என்ன மண் சுமக்கிற வேலையா?

கமிட்டியில் என்னை எதிர்த்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மலஞ்சரக்கு கடை வைத்திருக்கிற பெரியவர். ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிக்கிடக்கிற ரப்பர் பால்), நல்லமிளகு, கிராம்பு எல்லாம் எடுப்பார். ஒட்டுப்பாலில் ஈரக்கழிவு என்று கிலோவுக்கு இஷ்டத்துக்குக் கழிக்கிற கடைகள் உண்டு, இவர் கடையில் அது கிடையாது. தராசைச் சந்தேகப்பட்டு யாரும் மறுநிறுவை கேட்டதில்லை. நான் சண்டைக்குத்தான் போனேன். அவர் கோபப்படாமல் சொன்னார்: "மக்கா, முயலு கணக்கு தப்புன்னு இன்னைக்கு நான் ஒத்துக்கிட்டா, நாளைக்குத் தராசு கணக்கும் தப்புன்னு சொல்ல எனக்கு எம்புட்டு நேரம் ஆகும்? நான் வியாபாரி பாத்துக்க." கள்ளத்தராசு கூடாது என்பதும் அதே 19-ம் அதிகாரம்தான். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அவரிடம் மட்டும் நான் இதைப் பேசுவதில்லை. அவருடைய நேர்மைக்கு அந்த நம்பிக்கை முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றால், அதைப் பிடுங்க நான் யார்?

ஆனால் எல்லோருக்கும் அந்த முட்டு தேவை என்பதை நான் ஏற்க மாட்டேன். முயல் வசனத்துக்கு அடுத்த வசனம் என்ன தெரியுமா? பன்றி. அசுத்தம், தின்னாதே, தொடாதே. கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் ஊரில் பன்றியிறைச்சிக்கு வரிசை நிற்கும், அந்த வரிசையில் கமிட்டிக்காரர்களும் நிற்பார்கள். கேட்டால், பேதுருவுக்கு மேல்வீட்டில் தரிசனம் வந்தது, அதோடு அந்தச் சட்டம் போயிற்று என்று அப்போஸ்தலர் 10-ம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். சரி, நல்ல பதில்தான். ஆனால் அது என்ன? எந்த வசனம் இன்றைக்கு நம்மைக் கட்டும், எது கட்டாது என்று யோசித்து எடுப்பதுதானே? அதைத்தான் நானும் செய்கிறேன். "அப்படியானால் அவரவர் வசதிக்கு எடுத்துக்கொள்ளலாமா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அப்பா எடுத்துக்கொண்டது அவர் வசதிக்கு இல்லை. அவருக்கு நஷ்டமான வசனத்தைத்தான் எடுத்தார்.

பிழையே இல்லை என்று நம்புவது ஆளை நல்வழியில் கொண்டுபோகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதே லேவியராகமம் 25-ல் அந்நியரை அடிமையாக வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்று இருக்கிறது. 1845-ல் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து பாப்டிஸ்டுகள் தனிச் சபையாகப் பிரிந்துபோனதே அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற தகராறில்தான். அனுப்பலாம் என்றவர்கள் அவர்கள். வேதம் ஒரு எழுத்தும் பிசகாது என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அந்தச் சபை மன்னிப்புக் கேட்டது 1995-ல். அதே காலத்தில் இங்கே திருவிதாங்கூரில் லண்டன் மிஷன்காரர்கள் அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடிமை முறையை ஒழியுங்கள் என்று அரசரிடம் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1855-ல் ஒழிந்தது. 1859-ல் எங்கள் பெண்கள் மேலாடை போடலாம் என்று உத்தரவு வந்தது, அதுவும் நம் பாட்டிகள் பல வருஷம் அடி வாங்கின பிறகு. வெள்ளைக்காரன் தந்தான் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அந்தச் சண்டைக்கு வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு கூட்டமும் ஒரே புத்தகத்தைத்தான் ஒரே மாதிரி நம்பின. ஒன்று சங்கிலி போட்டது, ஒன்று கழற்றச் சொன்னது. அப்போது வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பிழையின்மையிலிருந்து வரவில்லை.

இன்னொன்று. 1978-ல் சிகாகோவில் கூடிய சுவிசேஷ இயக்கத்துக் கிறிஸ்தவர்கள் வேதத்தில் பிழையில்லை என்று நீளமான அறிக்கை ஒன்று வெளியிட்டார்கள். அதிலேயே, அந்தப் பிழையின்மை கண்டிப்பாகப் பார்த்தால் மூலப்பிரதிகளுக்குத்தான் என்று இருக்கிறது. அந்த மூலப்பிரதி இன்று யாரிடமும் இல்லை. நம்மிடம் இருப்பது நகலுக்கு நகல். "உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியட்டும்" என்ற பகுதி, யோவான் 8-ம் அதிகாரத்தில் வருவது, நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. பிற்காலத்தில் சேர்ந்தது என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதற்காக அந்த வசனத்தைக் கேட்டுக் கல்லைக் கீழே போட்டவன் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமா? பக்கத்து வீட்டார் அய்யாவழி. அவர்கள் புனித நூலான அகிலத்திரட்டிலும் ஏட்டுக்கு ஏடு பாடம் மாறும், அச்சுக்கு அச்சு மாறும். தங்கள் வழிபாட்டிடமான நிழல்தாங்கலில் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்பதை அதற்காக அவர்கள் விட்டுவிடவில்லை.

என் பிழைப்பு பத்திரம் எழுதுவது. கேரளப் பக்கத்தோடு சேர்ந்திருந்த 1956-க்கு முந்தின ஆதாரங்கள் எங்கள் தாலுகாவில் மலையாளத்தில் இருக்கும். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும், செண்டுக் கணக்கு பொருந்தாது. அதற்காக யாரும் பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போடுவதில்லை. நான்கெல்லையைப் பார்ப்போம், இடத்தில் போய் நின்று பார்ப்போம், பிழைத்திருத்தல் பத்திரம் எழுதுவோம். வேதத்தைப் பத்திரத்தோடு ஒப்பிடுகிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள். வேதத்துக்குத் திருத்தல் எழுத சார்பதிவாளர் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

முன்னே தராசைப் பற்றிச் சொன்னேனே, அதில் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் மலையை உடைத்து டாரஸ் லாரியில் கேரளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ராத்திரி பகல் கிடையாது. இத்தனை டன்தான் ஏற்றலாம் என்று சட்டம் இருக்கிறது, சக்கரம் நசுங்குகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கிறோம். ரோடு போட்டு ஒரு மழைக்குத் தாங்காது. ஸ்கூட்டரில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். முயலுக்காகக் கூட்டம் போட்ட எந்தக் கமிட்டியும், எங்கள் சபை என்று மட்டும் இல்லை, எந்த மதத்துக் கமிட்டியும், நிறையில் அநியாயம் செய்யாதிருங்கள் என்று அந்த லாரிக்கு முன்னால் போய் நின்று நான் பார்த்ததில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருப்பதாகத்தான் படுகிறது.

உங்கள் அறைத்தோழர் காட்டின பட்டியலை முழுக்கப் படியுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. படித்துவிட்டு லேவியராகமம் 19-ஐயும் ஒருமுறை படியுங்கள், அந்நியனை உன்னைப்போல நேசி என்று அங்கேயே இருக்கிறது, அப்புறம் உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்கிற வடமாநிலப் பையன்களை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்.

நான் சபையை விட்டுப் போகவில்லை. காணிக்கை கொடுக்கிறேன், அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலை கொண்டுபோகிறேன். முயல் கேட்ட பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். கோவிலுக்கு வருகிறானா என்று கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். வருகிறான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து.